மஞ்சப்பை அச்சும் சுகர் பட்டையும்

கல்யாண வீட்டில் தேங்காய், வெத்தலை போட்டுக் கொடுக்கிற மஞ்சப்பையில் மணமக்கள் பேரை அச்சடிக்கிற முறையும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்கிறோமே, அந்தப் பட்டைக்குள்ள கரண்ட் போற பாதையை அச்சடிக்கிற முறையும் அடிப்படையில் ஒண்ணுதான். ரெண்டுக்கும் பேரு ஸ்க்ரீன் பிரிண்டிங். பைக்குப் பச்சை மை, சிவப்பு மை. பட்டைக்குக் கார்பன் மை, வெள்ளி மை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அவ்வளவுதானா?"ன்னு எலக்ட்ரானிக்ஸ் படிச்ச நண்பர்கள் கல்லெடுக்க வேண்டாம். மீதி வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் பொழப்புக்குப் பொட்டி தட்டுறவன். ஹார்டுவேர் மேல எனக்கு இருக்கிறது காதல் மட்டும்தான், கல்யாணம் ஆகலை. கொஞ்ச நாளா பிரிண்டட் எலக்ட்ரானிக்ஸ் வரலாற்றைத் தேடித் தேடிப் படிச்சுக்கிட்டிருந்தேன். தமிழில் அச்சு மின்னணுவியல்னு வெச்சுக்குவோம். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது.

பால் பாக்கெட் தானே கெட்டுப்போனதைச் சொல்லும், மாத்திரை அட்டை நாம மறந்தா ஞாபகப்படுத்தும், பிஸ்கட் பாக்கெட் பாட்டுப் பாடும் என்று கால் நூற்றாண்டா சொல்லிட்டு இருக்காங்க. எங்க ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிற ஊர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் நடக்கிற 14 கிலோமீட்டர் பாதை அது, ரெண்டு பக்கமும் கடைகள். அந்தக் கடைகளில் பேசுற பாக்கெட் ஒண்ணையும் நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஆனால் அச்சடிச்ச மின்சுற்று எங்க ஊருக்குள்ள வந்து ரொம்ப காலம் ஆச்சு. அது வந்த வழி வேற. அந்த வழியைத்தான் கொசுவத்தி சுத்திப் பார்க்கப் போறோம்.

கழித்தலும் கூட்டலும்

வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், யூதர் என்பதால் அங்கே பிழைக்க வழியில்லாமல் 1936ல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ரேடியோ செஞ்சார். அந்தக் கால ரேடியோவைத் திறந்தால் உள்ளே நூடுல்ஸ் மாதிரி வயர் கிடக்கும், ஒவ்வொண்ணையும் கையால் சால்டர் வைக்கணும். ஐஸ்லர் வயரைத் தூக்கிப் போட்டுட்டு, செப்புத் தகடு மேல மையால் பாதை வரைஞ்சு, மை இல்லாத இடத்துச் செம்பை ரசாயனத்தில் கரைச்சு எடுத்தார். இன்னிக்கு உங்க போன், டிவி எல்லாத்துக்குள்ளேயும் இருக்கிற பச்சைப் பலகைக்கு அவர்தான் தாத்தா. ஆனா பாருங்க, இது கழித்தல் கணக்கு. முழுத் தகடு வாங்கி, வேண்டாததை எல்லாம் கரைச்சு ஊத்தணும்.

கூட்டல் கணக்கு, அதாவது வேணும்கிற இடத்தில் மட்டும் கடத்தும் மையை வைக்கிறது, பெரிய அளவில் பிறந்தது ரெண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில். இலக்குக்குக் கிட்டப் போனதும் தானே வெடிக்கிற மாதிரி குண்டுக்குள்ளே ஒரு குட்டி ரேடியோ வைக்கணும். மோர்ட்டார் குண்டுக்குள்ள இடமும் கம்மி, சுடும்போது விழுற அதிர்ச்சியும் பயங்கரம். அமெரிக்காவின் மில்வாக்கியில் இருந்த சென்ட்ராலாப் என்ற நிறுவனம், பீங்கான் தகட்டின் மேல் வெள்ளி மையை ஸ்க்ரீன் வழியா இழுத்து, சூளையில் சுட்டு, சுற்றையே பீங்கானோட ஒட்ட வெச்சது. நம்ம ஊர் பிரிண்டிங் கடையில் சட்டத்தில் கட்டின வலைத் துணி மேல மையைக் கொட்டி ரப்பர் கட்டையால் இழுப்பாங்களே, அதே வேலை. பாக்கெட்டைப் புத்திசாலி ஆக்கறதுக்கு முன்னாடி குண்டைத்தான் புத்திசாலி ஆக்கியிருக்கான் மனுஷன். என்னத்தச் சொல்ல!

போருக்கு அப்புறம் இந்த மை சத்தமில்லாம வீட்டுக்குள்ள நுழைஞ்சது. கார் பின்கண்ணாடியில் படுக்கை வசத்தில் மெல்லிசா கோடு கோடா இருக்குமே, அது கண்ணாடியில் வெள்ளி மையால் அச்சடிச்ச ஹீட்டர், பனியைப் போக்க. மைக்ரோவேவ் அடுப்பின் தட்டை பட்டன்களுக்குப் பின்னாடியும் அதே மை. பதிவெழுதி உயிரை வாங்குகிறோமே, அந்த மலிவு விலை கீபோர்டைக் கழட்டிப் பாருங்க (வாரண்டி போனா கம்பெனி பொறுப்பல்ல). உள்ளே மூணு பிளாஸ்டிக் தாள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி நிறக் கோடுகள் ஓடும். எழுத்தைத் தட்டினா நடுத்தாளின் ஓட்டை வழியா ரெண்டு கோடும் தொட்டுக்கும். நாம எல்லாரும் அச்சு மின்னணுவியல் மேலதான் உட்கார்ந்து மொக்கை போட்டுட்டிருக்கோம்.

பாக்கேஜிங்னு எடுத்துக்கிட்டா எனக்கு ரொம்பப் பிடிச்சது 1990களின் டியூராசெல் பேட்டரி. லேபிளிலேயே ரெண்டு புள்ளி இருக்கும். ரெண்டையும் விரலால் அழுத்தினா ஒரு மஞ்சள் பட்டை ஏறி, எவ்வளவு சார்ஜ் மிச்சம்னு காட்டும். உள்ளே சிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் அச்சடிச்ச கடத்தும் மை, அதுக்கு மேல சூடு பட்டா நிறம் போயிடுற மை. கரண்ட் போகும்போது குறுகின இடம் முதலில் சுடும். சார்ஜ் நிறைய இருந்தா அகலமான இடமும் சுடும். சூடான இடத்தில் மேல் மை மறைஞ்சு அடியில் இருக்கிற நிறம் தெரியும். ஓம் விதியை லேபிளா ஒட்டின ஆளுக்கு ஒரு ஓ போடலாம்.

இதுவரைக்கும் வந்த எல்லாத்திலும் ஒரு ஒற்றுமை கவனிச்சீங்களா? அச்சடிச்சது கம்பி, ஹீட்டர், சுவிட்ச். யோசிக்கிற சாமான் எதையும் யாரும் அச்சடிக்கலை. அந்த ஆசை அடுத்து வந்தது.

அஞ்சு சென்ட் கனவு

1977ல் ஜப்பானின் ஷிராகாவா, பென்சில்வேனியாவில் இருந்த மெக்டயர்மிட், ஹீகர் மூணு பேரும் சேர்ந்து பிளாஸ்டிக்கிலும் கரண்ட் ஓட வைக்கலாம்னு காட்டினாங்க. 2000ல் வேதியியல் நோபல் கிடைச்சது. பிளாஸ்டிக் என்றால் கரைக்கலாம், கரைச்சால் மை, மை என்றால் அச்சடிக்கலாம். பிஸ்கட் உறை அடிக்கிற மெஷினிலேயே டிரான்சிஸ்டரும் அடிக்கலாமே!

அதே நேரத்தில் தேவையும் கதவைத் தட்டிச்சு. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கின பார்கோடு, 25 வருஷத்தில் உலகம் பூரா ஒட்டிக்கிச்சு. அடுத்து என்ன? 1999ல் எம்.ஐ.டி.யில் ஆட்டோ ஐடி மையம் ஆரம்பிச்சாங்க. கெவின் ஆஷ்டன், டேவிட் ப்ராக் ஆகியோரோட நம்ம கான்பூர் ஐ.ஐ.டி.யில் படிச்ச சஞ்சய் சர்மாவும் அதில் முக்கியப் புள்ளி. ஒவ்வொரு பொருளுக்கும் ரேடியோவில் பதில் சொல்ற ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. டேக் வேணும், விலை 5 சென்ட்டுக்கு வரணும் என்பது இலக்கு. 2003ல் வால்மார்ட், தன்னோட பெரிய சப்ளையர்கள் 100 பேரும் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளுக்கு டேக் ஒட்டணும்னு அறிவிச்சது. சிலிக்கான் சிப்பை வெச்சு அந்த விலைக்கு வரவே முடியாது, சிப்பையே அச்சடிச்சாத்தான் உண்டுன்னு பல பேர் நம்பினாங்க. அதே 2003ல் ஜெர்மனியில் சீமென்ஸும் லியோன்ஹார்ட் குர்ஸும் சேர்ந்து பாலிஐசி என்ற நிறுவனத்தைத் தொடங்கினாங்க. கலிபோர்னியாவில் கோவியோ, நார்வேயில் தின்ஃபிலிம் என்று வரிசை கட்டி நின்னாங்க.

ஏன் எடுபடலை என்பதைப் புரிஞ்சுக்க கான்பூர், கலிபோர்னியா எல்லாம் போக வேண்டாம், சிவகாசிக்குப் போனா போதும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கும் லேபிள் வேணும். அப்படி வேர் விட்ட அச்சுத் தொழில்தான் பின்னாடி நாடு பூரா காலண்டர் அடிச்சுக் கொடுத்தது. பழைய தினசரி காலண்டரில் முருகர் படம் பார்த்திருப்பீங்க. சில பிரதியில் உதட்டுச் சிவப்பு உதட்டில் நிக்காம கன்னத்துக்கு நகர்ந்திருக்கும். ஒரு நிறத்து மேல இன்னொரு நிறம் அடிக்கும்போது முடியளவு தாள் நகர்ந்தாலும் அப்படி ஆகும். முருகர் கோவிச்சுக்க மாட்டார், நாமளும் கும்பிட்டுடுவோம். ஆனா டிரான்சிஸ்டர் என்பது நாலஞ்சு அடுக்கு. ஒரு அடுக்கு அந்த அளவு நகர்ந்தா அது டிரான்சிஸ்டரே இல்லை. சிப்பில் ஆயிரம் டிரான்சிஸ்டர் இருந்து ஒண்ணு கோணினாலும் மொத்தமும் குப்பை.

போதாக்குறைக்கு அச்சில் வரையக்கூடிய கோடு மைக்ரான் கணக்கு, சிலிக்கானில் நானோமீட்டர் கணக்கு. கரிம மையில் எலக்ட்ரான் ஆமை வேகத்தில் நகரும். காத்தும் ஈரமும் பட்டா அந்த மை சீக்கிரம் கெட்டும் போகும். இவங்க இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த நேரத்தில் சிலிக்கான் சும்மா இருக்கலை. டேக் சிப் கடுகை விடச் சின்னதா ஆச்சு. ஒரே ஒரு வட்டத் தட்டில் லட்சத்துக்கு மேல சிப் எடுக்கிற நிலை வந்தது. மலிவா ஆக்கணும்னு அச்சைத் தேடிப் போனாங்க, தேடிட்டு இருக்கும்போதே சிலிக்கான் மலிவாயிடுச்சு. பாலிஐசி தொடுதிரை சென்சார் பக்கம் திரும்பியது. கோவியோவின் தொழில்நுட்பத்தை 2014ல் தின்ஃபிலிம் வாங்கியது. அந்த தின்ஃபிலிமும் டேக் தொழிலைக் கைவிட்டு, 2021ல் பேரையே என்சர்ஜ் மைக்ரோபவர்னு மாத்திக்கிட்டு பேட்டரி பக்கம் போயிடுச்சு.

அப்போ டேக்கே வரலையா? வந்துச்சே! பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து எங்க ஊருக்கு வர்ற காரெல்லாம் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக்தான் பதில் சொல்லுது. 2014ல் சோதனையா ஆரம்பிச்சு 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து கட்டாயம் ஆன சமாச்சாரம். அந்த ஸ்டிக்கருக்குள்ள பேட்டரி கிடையாது. சாவடியிலிருந்து வர்ற ரேடியோ அலையையே சாப்பிட்டு உயிர் வாழும். யோசிக்கிறது கடுகளவு சிலிக்கான். அதைச் சுத்தி இருக்கிற ஆன்டெனா வெறும் உலோகக் கோடு. இந்த மாதிரி டேக்குகளில் ஆன்டெனாவைப் பெரும்பாலும் அலுமினியத் தாளில் மை அடிச்சு, மீதியை அரிச்சு எடுத்துச் செய்றாங்க. அப்படியே ஐஸ்லர் தாத்தா வழி. சில வகைகளில் வெள்ளி மையிலேயே அச்சடிக்கிறதும் உண்டு. ஆக, அச்சுக்குக் கிடைச்சது மறுபடியும் கம்பி வேலைதான்.

பேசின பேப்பர், பேசின பாட்டில்

நடுவில் சில வேடிக்கைகளும் நடந்தது. 2008 அக்டோபரில் அமெரிக்காவின் எஸ்குவயர் பத்திரிகை தன் 75வது ஆண்டுக்கு அட்டையில் மின்மை திரை வெச்சு, எழுத்து மின்னி மின்னி மறையற மாதிரி 1 லட்சம் பிரதி விட்டது. அட்டையில் இருந்த பேட்டரி தீரக் கூடாதுன்னு குளிர்சாதன லாரியில் ஏத்தி அனுப்பினாங்களாம். பத்திரிகையை மீன் மாதிரி ஐஸ் வெச்சு அனுப்பின முதல் ஆளுங்க இவங்களாத்தான் இருக்கணும்.

நம்ம நாட்டில் 2010 செப்டம்பர் 21. டைம்ஸ் ஆஃப் இந்தியா, தி இந்து ரெண்டிலும் ஃபோக்ஸ்வாகன் வென்டோ கார் விளம்பரம். பக்கத்தைத் திறந்ததும் பேப்பர் பேச ஆரம்பிச்சது! வெளிச்சம் பட்டா ஓடற சின்ன ஒலிக் கருவியைப் பக்கத்தில் ஒட்டியிருந்தாங்க. அது அச்சடிச்சது இல்லை. சிப், ஸ்பீக்கர், பட்டன் பேட்டரி எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டி. மறுநாள் பழைய பேப்பர்க்காரர் கிலோவுக்கு எடை போட்டப்போ அந்த பேட்டரியெல்லாம் எங்கே போச்சு என்பதைத்தான் நான் அடிக்கடி நினைச்சுப் பார்க்கிறேன்.

2015ல் பார்சிலோனா மொபைல் கண்காட்சியில் டியாஜியோவும் தின்ஃபிலிமும் சேர்ந்து ஒரு ஜானி வாக்கர் பாட்டிலைக் காட்டினாங்க. மூடியைத் திறந்தாங்களா இல்லையான்னு அச்சடிச்ச டேக் சொல்லும், போனைக் கிட்டே காட்டினா தெரியும். தொழில்நுட்பமா பார்த்தா அற்புதம். ஆனா அந்த பாட்டில் முக்கியமா யாருக்குச் சேதி சொல்லுது? பாட்டில் எங்கே இருக்கு, திறந்தாச்சான்னு தெரிஞ்சுக்க விரும்பறது விக்கிறவர். குடிக்கிறவருக்கு மூடியைத் திறந்தது தெரியாதா என்ன? (மூணாவது ரவுண்டுக்கு மேல தெரியாம போகலாம், அது வேற கதை.)

புத்தி மீட்டரில், நாக்கு பட்டையில்

இப்போ சுகர் பட்டைக்கு வருவோம். 1962ல் லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர், என்சைமை மின்முனையோட சேர்த்தா ரத்தச் சர்க்கரையைக் கரண்டா அளக்கலாம்னு வழி காட்டினார். அதை மலிவான பட்டையா ஆக்க ரொம்ப நாள் ஆச்சு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து 1984ல் அதுக்கான வேதியியலைக் கண்டுபிடிச்சாங்க. 1987ல் மெடிசென்ஸ் நிறுவனம் பேனா சைஸில் எக்ஸாக்டெக் மீட்டரைக் கொண்டு வந்தது.

வேலை செய்யற விதம் ரொம்ப அழகு. பட்டை நுனியில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்சைம் காஞ்சு போய் உட்கார்ந்திருக்கும். ரத்தம் பட்டதும் குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். இன்னொரு ரசாயனம் அந்த எலக்ட்ரானைத் தூக்கிட்டுப் போய் கார்பன் மையில் அச்சடிச்ச முனையில் இறக்கும். சர்க்கரை அதிகம்னா கரண்ட் அதிகம். மீட்டர் அதை அளந்து எண்ணா காட்டும். கணக்குப் போடற புத்தி மீட்டரில், ருசி பார்க்கிற நாக்கு மட்டும் பட்டையில். நாக்கை அச்சடிக்கலாம், ஏன்னா அதில் தடிமனா நாலு கோடும் கொஞ்சம் மருந்தும்தான் இருக்கு. முருகர் உதடு நகர்ந்த அளவு நகர்ந்தாக்கூடச் சமாளிச்சுடலாம். அச்சு எதுக்கு லாயக்கோ அதை மட்டும் அச்சிடம் கொடுத்தாங்க, ஜெயிச்சாங்க.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. 2014 ஜனவரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மும்பை ஐ.ஐ.டி.யும் ஹைதராபாத் பிட்ஸும் பங்கெடுத்து உருவான உள்நாட்டு மீட்டர்களை, குறைந்த விலைப் பட்டைகளோட அறிமுகப்படுத்தியது. பட்டை விலை ஏன் அவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு எங்க ஆயாவைப் பார்த்துத்தான் புரிஞ்சது.

ஆயா கிரிவலப் பாதையில் பொரி, கற்கண்டு, கற்பூரம் வெச்சு சின்னதா கடை போட்டிருக்கு. சுகர் வந்து பல வருஷம். நான் வேலைக்குப் போன புதுசில் மீட்டரும் 25 பட்டை இருக்கிற டப்பாவும் வாங்கிக் கொடுத்தேன். ஆயா பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் குத்திப் பார்க்கும். ஏன்னா அன்னிக்குத்தான் கையில் காசு இருக்கும், மனசும் தெம்பா இருக்கும்.

"டப்பா நெறைய கெடக்கே ஆயா, வாரா வாரம் பாரேன்"னு கேட்டா,

"ஒரு தடவ குத்தினா இருவது ரூவா போவுதுடா கண்ணு. பாக்காட்டி போவுதா?" என்று பதில் வரும்.

இதுக்கு என்ன பதில் சொல்றது? கொடுமை என்னன்னா, அந்த டப்பாவைத் திறந்தா சில மாசத்துக்குள்ள தீர்த்தாகணும். ஈரம் பட்டா என்சைம் செத்துடும். மாசம் ஒண்ணுன்னு ஆயா சிக்கனமா பார்த்ததில் மூணு நாலு பட்டைதான் உபயோகமாச்சு, மிச்சம் இருபதுக்கு மேல குப்பைக்குப் போச்சு. கணக்குப் போட்டா ஒரு தடவை பார்க்க நூறு ரூபாய்க்கு மேல! இந்தப் பொருளைச் செஞ்சவங்க மனசில் இருந்தது தினமும் ரெண்டு தடவை குத்திக்கிற ஆள். எங்க ஆயா அவங்க கணக்கிலேயே இல்லை.

2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ஆரம்பிச்சது. பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே ஆள் வரும். எங்க தெருவுக்கு வர்ற அக்கா ஒரு மீட்டரோடயும் ஒரு டப்பாவோடயும் வருவாங்க. திண்ணை திண்ணையாப் போனா அந்த டப்பா சட்டுனு காலி. ஒரு பட்டையும் கெட்டுப் போகாது. ஆயாவுக்குக் காசும் இல்லை. தொழில்நுட்பத்தில் ஒரு துளி மாத்தம் கிடையாது, அதே கார்பன் மை, அதே என்சைம். ஒரு வீட்டுக்கு ஒரு டப்பா என்பது ஒரு தெருவுக்கு ஒரு டப்பான்னு ஆச்சு, அவ்வளவுதான்.

கரண்டே இல்லாத கெட்டிக்காரன்

கடைசியா ஒண்ணு. நான் படிச்சதிலேயே ஆகச் சிறந்த ஸ்மார்ட் லேபிள் எதுன்னு கேட்டா, போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் இருக்கிற வட்டத்தைச் சொல்வேன். வட்டத்துக்குள்ள ஒரு வெளிர் சதுரம். குப்பி சூட்டில் இருந்த நேரம் சேரச் சேர, சதுரம் கறுத்துக்கிட்டே வரும். சதுரமும் வட்டமும் ஒரே நிறம் ஆயிடுச்சா, தூக்கிப் போடு, குழந்தைக்குக் கொடுக்காதே. 1996ல் இருந்து யுனிசெஃப் வழியாப் போற போலியோ மருந்தில் இது வந்தது. சிப் இல்லை, பேட்டரி இல்லை, ஆன்டெனா இல்லை, சூட்டில் நிறம் மாறுற ஒரு மை மட்டும். சித்திரை வெயிலில் தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிட்டு வர்ற நர்சம்மா கண்ணால் பார்த்து அந்த இடத்திலேயே முடிவெடுக்கலாம். இந்தியாவில் கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் கிடைச்சது. அந்தப் பெரிய வேலையில் இந்தச் சின்ன சதுரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

2023 ஆகஸ்ட் 1லிருந்து 300 முக்கிய மருந்து பிராண்டுகளில் பார்கோடோ கியூ.ஆர். கோடோ கட்டாயம்னு மத்திய அரசு சொன்னதும் இதே வழிதான். உறையில் வெறும் மை, புத்தி நம்ம கையில் இருக்கிற போனில்.

அதனால, அடுத்த தடவை யாராவது "இந்த பாக்கெட் ஸ்மார்ட்"னு சொன்னா நான் மூணு கேள்வி கேட்கலாம்னு இருக்கேன். அது யாருக்குச் சேதி சொல்லுது, வாங்கினவனுக்கா வித்தவனுக்கா? அந்தச் சேதிக்கு மை மட்டும் போதாதா? வேலை முடிஞ்சதும் அது எங்கே போகும்? மூணாவது கேள்விக்குச் சுகர் பட்டையே இன்னும் முழுசா பதில் சொல்லலை. ரத்தம் பட்ட பட்டை, ஊசி ரெண்டும் பல வீடுகளில் சாதாரணக் குப்பையோடதான் போகுது. பௌர்ணமிக்கு மறுநாள் விடியக்காலையில் கிரிவலப் பாதையைக் கூட்டுறவங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், குப்பை எவ்வளவு வரும், அதைக் கையால் அள்ளுறவங்க யாருன்னு. அதில் ஒவ்வொரு தண்ணி பாட்டிலிலும் ஒரு பேட்டரி இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எனக்குப் பேசாத பாக்கெட்டே போதும் சாமி.

டிஸ்கி: வீட்டில் சுகர் மீட்டர் வெச்சிருக்கிற மக்கள், இன்னிக்கே அந்த டப்பாவை எடுத்து, திறந்த பிறகு எத்தனை மாசம் தாங்கும்னு லேபிளில் பாருங்க. திறந்த தேதியைப் பேனாவால் டப்பா மேலேயே எழுதி வையுங்க. பக்கத்து வீட்டிலும் சுகர் இருக்கிறவங்க இருந்தா ஒரே கம்பெனி மீட்டரா வாங்கி, பட்டை டப்பாவைப் பங்கு போட்டுக்கலாம். ஊசியை மட்டும் பங்கு போட்டுடாதீங்க.